ஏற்கப்பட்ட சிறுபான்மையும் கணக்கில் வராத மக்களும்: 1944 காந்தி–ஜின்னா கடிதங்கள்

1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை, பம்பாய் மலபார் ஹில்லில் உள்ள மவுண்ட் பிளசன்ட் சாலையில், பிர்லா மாளிகையில் தங்கியிருந்த காந்தி பதினான்கு முறை ஜின்னாவின் வீட்டுக்குப் போனார். நேரில் பேசியதோடு விடாமல் இருவரும் கடிதமும் எழுதிக்கொண்டார்கள். காந்தி 'காயிதே ஆஸம்' என்று விளித்து எழுதினார். ஜின்னா 'மிஸ்டர் காந்தி' என்று பதில் எழுதினார். பேச்சு முறிந்ததும் இருபதுக்கும் மேற்பட்ட அந்தக் கடிதங்கள் பத்திரிகைகளுக்குக் கொடுக்கப்பட்டன. நாடே படித்தது.

அந்தக் கடிதங்களை இன்றுவரை ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கு வாசித்து வருகிறார்கள். காங்கிரஸ்காரர்களுக்கு அது பிரிவினையைத் தடுக்க மகாத்மா எடுத்த கடைசி முயற்சி. பாகிஸ்தான் வரலாற்றாசிரியர்களுக்கு அது காயிதே ஆஸம் விட்டுக்கொடுக்காமல் நின்ற கதை. இந்துத்துவவாதிகளுக்கோ காந்தி பாகிஸ்தானுக்குத் தலையாட்டிய சாட்சி. மூன்று வாசிப்பும் மேசைக்கு இரண்டே பக்கம்தான் என்று எடுத்துக்கொள்கின்றன. நாம் கேட்பது வேறு கேள்வி. நாற்பது கோடி மக்களின் தலைவிதியைப் பேசிய அந்தக் கடிதங்களில் சேரி எங்கே இருக்கிறது?

முதலில் அடிப்படைச் செய்திகள். 1940 மார்ச்சில் முஸ்லிம் லீக் லாகூரில் ஒரு தீர்மானம் போட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள வடமேற்குப் பகுதிகளும் கிழக்குப் பகுதிகளும் தனி அரசுகளாக வேண்டும் என்றது அது. 'பாகிஸ்தான்' என்ற சொல் அதில் கிடையாது. அந்தக் கோரிக்கைக்கு மாற்றாக ராஜாஜி ஒரு திட்டம் வகுத்தார். முஸ்லிம்கள் அறுதிப் பெரும்பான்மையாக இருக்கும், ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்களைப் பிரித்து அறிந்து, அங்கே வசிக்கும் எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் பிரிந்து போக விரும்பினால் போகலாம். பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பிறகு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதற்குக் காந்தியின் ஒப்புதலையும் ராஜாஜி வாங்கி வைத்திருந்தார். ஜூலையில் திட்டம் வெளியானபோது, ஊனப்பட்ட, பூச்சி அரித்த பாகிஸ்தான் இது என்று லாகூரில் ஜின்னா எள்ளினார். ஆனாலும் ஜூலை 17 அன்று காந்தி குஜராத்தியில் 'சகோதரர் ஜின்னா' என்று எழுதிய கடிதத்துக்கு ஸ்ரீநகரிலிருந்து பதில் போட்டு, பம்பாயில் என் வீட்டுக்கு வாருங்கள் என்றார்.

ஜின்னா தொடக்கத்திலேயே பிடித்த பிடி, நீங்கள் யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்பது. காந்தி தனிமனிதனாக வந்திருக்கிறேன் என்றார். தனிமனிதரோடு நான் எப்படி ஒப்பந்தம் செய்வது என்று ஜின்னா திரும்பத் திரும்பக் கேட்டார். வழக்கறிஞரின் சாமர்த்தியம் என்று இதை ஒதுக்குவார்கள். எங்களுக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. யாருக்காகப் பேசுகிறாய், அவர்கள் உன்னைப் பேசச் சொன்னார்களா என்ற கேள்வியைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் இன்னொருவர் காந்தியிடம் கேட்டிருந்தார்.

செப்டம்பர் 15 அன்று காந்தி எழுதிய கடிதம்தான் இந்தத் தொகுப்பின் மையம். மதம் மாறியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் மூல இனத்திலிருந்து வேறான தேசிய இனம் என்று உரிமை கோரியதற்கு வரலாற்றில் முன்னுதாரணம் இல்லை என்றார். இந்தியா முழுவதும் இஸ்லாத்தை ஏற்றால் இரண்டு தேசமும் ஒன்றாகிவிடுமா, வங்காளிகளும் ஆந்திரர்களும் தமிழர்களும் மராத்தியரும் தங்கள் தனித்தன்மையை இழந்துவிடுவார்களா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த 'மூல இனம்' கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத காரணத்தால் மதம் மாறியவர்கள் எத்தனை லட்சம் என்பதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த வீட்டை விட்டு வெளியேறினார்கள் என்று கேட்டவர், ஏன் வெளியேறினார்கள் என்று கேட்கவில்லை.

அதே கடிதத்தில் வரிசையாகச் சில கேள்விகள் உண்டு. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். சிறுபான்மையினர் என்றால் உங்கள் இலக்கணம் என்ன? லாகூர் தீர்மானம் சிறுபான்மையினருக்குத் தருவதாகச் சொல்லும் போதுமான, பயனுள்ள, கட்டாயமான பாதுகாப்புகள் எவை?

செப்டம்பர் 17 அன்று ஜின்னா பதில் எழுதினார். முஸ்லிம்கள் பத்துக் கோடிப் பேர் கொண்ட தேசிய இனம் என்று விரித்து எழுதிய அவர், இந்த இரண்டு கேள்விகளையும் ஓரிரு வரிகளில் முடித்துவிட்டார். சிறுபான்மை என்றால் 'ஏற்கப்பட்ட சிறுபான்மை' என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள் என்றார். பாதுகாப்புகளை அந்தந்த நாடு அந்தந்தச் சிறுபான்மையினரோடு பேசித் தீர்த்துக்கொள்ளும் என்றார். காந்தியும் அதற்கு மேல் அதைத் துருவவில்லை.

ஏற்கப்பட்ட சிறுபான்மை. யார் ஏற்பது? யாரை ஏற்பது?

1931 நவம்பரில் லண்டன் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் முஸ்லிம்கள், ஒடுக்கப்பட்ட வகுப்பினர், இந்தியக் கிறித்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், ஐரோப்பியர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் சேர்ந்து சிறுபான்மையினர் ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்ணல் அம்பேத்கரும், முஸ்லிம்கள் சார்பில் ஆகாகானும், கிறித்தவர்கள் சார்பில் நம் ஊர் ஏ.டி. பன்னீர்செல்வமும் அதில் இருந்தார்கள். தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் அந்த மாநாட்டுக்குப் போயிருந்தார். முஸ்லிம்கள், சீக்கியர்கள் என்றால் ஏற்கலாம், தீண்டத்தகாதவர்களைத் தனிப் பிரிவாக ஏற்க முடியாது, உயிரைக் கொடுத்தாவது எதிர்ப்பேன் என்றார் காந்தி. அடுத்த ஆண்டு எரவாடா சிறையில் சொன்னதைச் செய்தும் காட்டினார். புனா ஒப்பந்தத்தில் தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் போயின. கூட்டுத் தொகுதியில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. ஆகவே 1944இல் ஜின்னா 'ஏற்கப்பட்ட சிறுபான்மை' என்று காந்தியின் சொல்லையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் நாம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்த செய்தி. அதனால்தான் அந்த இடத்தில் சண்டையே வரவில்லை.

இன்னொரு கடிதப் போக்குவரத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அது மிகச் சிறியது, ஆளுக்கு ஒரு கடிதம். காந்தி ஜின்னாவைச் சந்திக்கப் போகிறார் என்ற செய்தி வந்த சமயம், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் ஜூலை 31 அன்று காந்திக்கு எழுதினார். இந்து–முஸ்லிம் சிக்கலைத் தீர்ப்பது போலவே இந்துக்களுக்கும் தீண்டத்தகாதவர்களுக்கும் இடையிலான சிக்கலும் தீர்க்கப்பட வேண்டும், அதற்கான விவரங்களைப் பேசத் தயார் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 6 அன்று காந்தி பதில் எழுதினார். மிகப் பண்பான கடிதம். இந்து–முஸ்லிம் பிரச்சினை எனக்கு வாழ்நாள் பிரச்சினை என்றார். தீண்டாமையைச் சிறுவயதிலிருந்தே வெறுக்கிறேன், ஆனால் எனக்கு அது சமய, சமூகச் சீர்திருத்தப் பிரச்சினை, அதன் அரசியல் மதிப்பைவிடச் சமய மதிப்பே எனக்குப் பெரிது என்றார். உங்கள் ஆற்றலை அறிவேன், உங்களை உடன் பணியாற்றுபவராகப் பெற விரும்புவேன், ஆனால் நமக்குள் உள்ள கருத்து வேறுபாட்டை இப்போதைக்கு ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று முடித்தார்.

இவ்வளவுதான். ஒருவரோடு பதினான்கு சந்திப்பு, இன்னொருவருக்கு ஒரு பதில் கடிதம். முஸ்லிம்களின் கோரிக்கை தவறானது என்று நினைத்தும் காந்தி அதை அரசியலாக ஏற்றுப் பேசினார். தீண்டத்தகாதவர்களின் கோரிக்கையில் இரக்கம் கொண்டும் அதை அரசியல் என்று ஏற்க மறுத்தார். சீர்திருத்தம் என்று ஆகிவிட்டால் எதிரில் உட்கார்ந்து பேச ஆள் தேவையில்லை. சீர்திருத்துபவர் மனம் வைத்தால் போதும். இதை இன்றும் நாம் பார்க்கிறோம். சேரிக்குப் பாதை கேட்டால் சமாதானக் கூட்டம் நடத்துவார்கள். ஊராட்சியில் அதிகாரம் கேட்டால் சமத்துவப் பொங்கல் வைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால் வெள்ளைக்கார வைஸ்ராய் வேவல் ஆகஸ்ட் 15 அன்று காந்திக்கு எழுதிய கடிதத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலன் காக்கப்பட வேண்டும் என்பதைத் தனியாகக் குறிப்பிட்டார். அவருக்கு அதில் அவருடைய கணக்கு இருந்திருக்கும். மறுக்கவில்லை.

சரி, ஜின்னா பக்கம் எப்படி? அவரும் நமக்குப் புதியவர் அல்லர். 1939 டிசம்பர் 22 அன்று காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியதை விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னபோது அம்பேத்கர் பம்பாயில் அவரோடு மேடை ஏறினார். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் போய் இருவரையும் சந்தித்தார். 1941 ஏப்ரலில் சென்னையில் நடந்த லீக் மாநாட்டில் ஜின்னா திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு அனுதாபம் காட்டிப் பேசினார். ராஜாஜி திட்டம் வெளிவந்து காந்தியோடு பேச்சு என்றதும் பெரியாருக்கு ஐயம் வந்தது. 1944 ஆகஸ்ட் 9 அன்று ஜின்னாவுக்குக் கடிதம் எழுதி, பாகிஸ்தானோடு திராவிட நாட்டையும் சேர்த்துப் பேசுவதாகச் சொன்னதை நினைவூட்டினார். ஆகஸ்ட் 17 அன்று பதில் வந்தது. சென்னை மாகாண மக்கள்மீது, அதிலும் பார்ப்பனரல்லாதார்மீது, எனக்கு எப்போதும் அனுதாபம் உண்டு, ஆனால் நான் முஸ்லிம் இந்தியாவுக்கு மட்டுமே பேச முடியும், உங்களுக்கு வேண்டியதை உங்கள் மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும், இதுவரை நீங்கள் உறுதியாக நிற்கவில்லை என்ற பொருளில்.

ஜின்னா கைவிட்டார் என்று இதைச் சொல்வோர் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். எனக்கு வாக்களித்தவர்களுக்குத்தான் நான் பேசுவேன் என்றது நேர்மையான பதில். ஆனால் கவனித்துப் பாருங்கள். காந்தியின் கடிதங்களில் நாம் 'இந்துக்கள்' என்ற சொல்லுக்குள் இருக்கிறோம். ஜின்னா பெரியாருக்கு எழுதிய பதிலில் 'பார்ப்பனரல்லாதார்' என்ற சொல்லுக்குள் இருக்கிறோம். இரண்டு சொல்லும் நம்மை எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்கின்றன. பெயர் சொல்வதில்லை.

பெயர் சொன்ன ஆவணம் ஒன்று அதே நாட்களில் சென்னையில் உருவானது. செப்டம்பர் 23 அன்று, பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் கடிதங்களை மாற்றிக்கொண்டிருந்த அதே நாளில், அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் செயற்குழு ராவ் பகதூர் ந. சிவராஜ் தலைமையில் சென்னையில் கூடியது. பட்டியல் சாதியினர் இந்தியத் தேசிய வாழ்வில் தனித்த, வேறான கூறு என்றும், அவர்களின் ஒப்புதல் இல்லாத எந்த அரசமைப்பையும் ஏற்க முடியாது என்றும் தீர்மானம் போட்டது. 'ஏற்கப்பட்ட சிறுபான்மை' என்ற சொல்லுக்கு இதைவிட நேரான மறுப்பு வேறு இல்லை. எங்களை நீங்கள் ஏற்பது இருக்கட்டும், உங்கள் அரசமைப்பை நாங்கள் ஏற்க வேண்டும் என்று திருப்பிப் போட்டார்கள். அண்ணலும் அந்த வாரம் சென்னையில்தான் இருந்தார். கன்னிமாரா ஓட்டலில் தமக்கு அளித்த விருந்தில் நீதிக்கட்சி ஏன் தோற்றது என்று விருந்து கொடுத்தவர்களிடமே முகத்துக்கு நேரே பேசினார். பார்ப்பனரிடமிருந்து நீங்கள் எதில் வேறுபட்டீர்கள், கிராமத்து ஏழையை எப்போது நினைத்தீர்கள் என்ற தொனியில். பம்பாய்க் கடிதங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் நூறில் ஒரு பங்கைக்கூட நம் வரலாற்று நூல்கள் இந்தச் சென்னைத் தீர்மானத்துக்கு ஒதுக்கியதில்லை.

இனி வாக்கெடுப்புக்கு வருவோம். பேச்சு முறிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பிரிவினை வெள்ளையன் போகும் முன்பா, போன பின்பா என்பது ஒன்று. ஆனால் உயிரான இடம், யார் வாக்களிப்பது என்பதுதான். ராஜாஜி திட்டமும் செப்டம்பர் 24 அன்று காந்தி வைத்த முன்மொழிவும் அந்தப் பகுதியில் வசிக்கும் எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்றன. ஜின்னா ஒப்பவில்லை. தன்னாட்சி உரிமை முஸ்லிம் என்ற தேசிய இனத்துக்கு உரியது, வசிக்கும் நிலத்துக்கு உரியதல்ல, ஆகவே முஸ்லிம்கள் மட்டுமே முடிவு செய்வார்கள் என்றார். இந்த ஒன்றில் காந்தி சொன்னதே சரி. அதைச் சொல்லத் தயக்கமில்லை.

இந்தத் தகராறு காகிதத் தகராறு அல்ல. வங்க மாகாணத்தில் மட்டும் 1941 கணக்கின்படி பட்டியல் சாதியினர் எழுபது லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பெரிய பிரிவு நாமசூத்திரர்கள், பரித்பூர், பக்கர்கஞ்ச், குல்னா, ஜெசூர் மாவட்டங்களின் சதுப்பு நிலத்தில் உழுதவர்கள். பக்கத்து வயலில் உழுதவர் முஸ்லிம். இருவருக்கும் மேலே ஜமீன்தாரும் வட்டிக்காரரும் பெரும்பாலும் சாதி இந்துக்கள். ஜின்னாவின் கணக்கில் அந்த நாமசூத்திரருக்கு வாக்கே இல்லை. காந்தியின் கணக்கில் வாக்கு உண்டு, இந்துவாக. உன் விருப்பம் என்ன என்று அவரைத் தனியாகக் கேட்கும் மூன்றாவது கணக்கு அந்தக் கடிதங்களில் இல்லை.

அம்பேத்கர் இந்த இருவரைப் பற்றியும் மயக்கம் வைத்திருக்கவில்லை. 1943 ஜனவரியில் புனேவில் ரானடே நினைவு உரையில் இருவரின் தன்முனைப்பும் நாட்டைத் தேக்கி வைத்திருக்கிறது என்று கடுமையாகச் சாடியிருந்தார். 1940இல் எழுதிய பாகிஸ்தான் பற்றிய நூலை 1945இல் விரித்து வெளியிட்டபோது, தோற்றுப்போன இந்தப் பேச்சையும் அலசினார். இன்று இந்துத்துவத் தம்பிகள் அந்த நூலிலிருந்து முஸ்லிம்களைப் பற்றிய நான்கு வரிகளை வெட்டிச் சமூக வலைத்தளங்களில் ஒட்டுகிறார்கள். இந்து ராஜ்ஜியம் வந்தால் அது நாட்டுக்குப் பெருங்கேடு என்று அதே நூலில் அவர் எழுதியிருப்பதற்கு மட்டும் கத்தரிக்கோல் எட்டுவதில்லை.

கடிதங்கள் தோற்றன. ஆனால் அவற்றின் இலக்கணம் வென்றது. 1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு தன் திட்டத்தை வெளியிட்டபோது இந்தியாவில் மூன்றே முக்கியச் சமூகங்களை ஏற்றது. பொது, முஸ்லிம், சீக்கியர். பட்டியல் சாதியினர் 'பொது' என்ற கூடைக்குள் போடப்பட்டார்கள். கூட்டுத் தொகுதித் தேர்தலில் கூட்டமைப்பு படுதோல்வி அடைந்ததைக் காரணமாகக் காட்டினார்கள். அந்தத் தோல்வியைத் தயாரித்ததே புனா ஒப்பந்தம் என்பது யாருக்கும் நினைவில்லை. அம்பேத்கர் பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியாமல், ஜோகேந்திரநாத் மண்டலும் வங்கத் தோழர்களும் பாடுபட்டு அவரை வங்கத்திலிருந்து அனுப்பினார்கள். பிரிவினையில் அந்த இடமும் போனது.

மண்டல் நாமசூத்திரர். வங்கத்தில் கூட்டமைப்பின் சார்பில் வென்ற ஒரே சட்டமன்ற உறுப்பினர். முஸ்லிம் உழவனும் தலித் உழவனும் ஒரே வறுமையில் இருப்பவர்கள், அவர்களின் நலன் ஒன்றே என்று நம்பினார். 1946 அக்டோபரில் இடைக்கால அரசில் லீக் தன் பங்கிலிருந்து ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தது. காங்கிரஸ் எல்லோருக்குமான கட்சி அல்ல என்று காட்ட ஜின்னாவுக்கு அவர் பயன்பட்டார் என்பதும் உண்மை, அவர் பொறுப்போடு அந்த இடத்தில் அமர்ந்தார் என்பதும் உண்மை. 1947 ஆகஸ்டில் கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை கூடியபோது தற்காலிகத் தலைவராக இருந்து தொடங்கி வைத்தவர் அவர். அந்த நாட்டின் முதல் சட்ட அமைச்சரும் அவரே. எல்லைக்கு இந்தப் பக்கமும் முதல் சட்ட அமைச்சர் ஒரு தலித்.

அதே கராச்சியில் துப்புரவுத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கிளம்பியபோது தடுக்கப்பட்டார்கள். அத்தியாவசியப் பணி, போகக் கூடாது என்றது அரசு. அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருவையும் கழிப்பறையையும் யார் சுத்தம் செய்வார்கள் என்று பிரதமர் லியாகத் அலி கான் கேட்டதாக அங்கே இந்தியத் தூதராக இருந்த ஸ்ரீபிரகாசா பதிவு செய்திருக்கிறார். நூறாயிரக்கணக்கான இந்துக்கள் வெளியேறியதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசு, இந்த இந்துக்களை மட்டும் விடவில்லை. 1944இல் சிறுபான்மைக்கான பாதுகாப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள் அல்லவா, அந்தப் 'பிறகு' இப்படி வந்தது. அம்பேத்கர் 1947 டிசம்பர் 18 அன்று நேருவுக்கு எழுதினார். பாகிஸ்தானில் பட்டியல் சாதியினர் வெளியேற முடியாமல் தடுக்கப்படுவதையும், கிழக்குப் பஞ்சாபுக்கு வந்து சேர்ந்தவர்கள் அகதி முகாம்களில் ஒதுக்கப்படுவதையும் சேர்த்தே அதில் முறையிட்டார். அந்தப் பக்கம் விடமாட்டேன் என்றார்கள், இந்தப் பக்கம் தள்ளிப் போ என்றார்கள்.

மண்டல் மூன்றாண்டுகள் தாக்குப்பிடித்தார். 1950 தொடக்கத்தில் கிழக்கு வங்கத்தில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கல்கத்தா வந்து, அக்டோபர் 8 அன்று லியாகத் அலி கானுக்கு நீண்ட பதவி விலகல் கடிதம் எழுதினார். லீக்கோடு தான் ஏன் சேர்ந்தேன் என்பதில் தொடங்கி, தாக்கப்பட்ட ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். 1944இன் இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்களில் ஓர் ஊரின் பெயராவது, அங்கே உழுதவர் யார், வாழ்ந்தவர் யார் என்ற தகவலோடு இடம்பெறவில்லை. மண்டலின் கடிதத்தில் ஊர்தான் நிறைந்திருக்கிறது. கல்கத்தா அவரைத் துரோகி என்றது, கராச்சியும் துரோகி என்றது. அகதி நாமசூத்திரர்களோடு இருந்து, நின்ற தேர்தல்களில் எல்லாம் தோற்று, 1968இல் இறந்தார்.